ஜப்பானும் தேக்சாவும்

காலையில் ஷஹீன் பானுவின் இடது கையைத் தொட்டுப் பார்க்காமல் மஹபூப் பாஷா டீ குடிக்க மாட்டார். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வருவார். தொப்பியை ஆணியில் மாட்டுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டுக்கு மேலே தடித்து நெளிந்திருக்கும் நரம்பின்மேல் கட்டைவிரலை வைப்பார். உள்ளே விர்ரென்று ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"ஓடுது" என்பார். அப்புறம்தான் டீ.

அவளுடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. வேலூர் டாக்டர் அந்தக் கையில் ஒரு நரம்பையும் ஒரு ரத்தக் குழாயையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அந்த இடத்தில் ஊசி போட்டு, மெஷின் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். நடுக்கம் நின்றால் உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்தக் கை அவ்வளவுதான். மறுபடி கத்தி, மறுபடி கழுத்தில் குழாய்.

"தெனம் தொட்டுப் பாக்கணும்மா. அந்தக் கையில பாரம் கூடாது, அது மேல சாஞ்சி தூங்கக் கூடாது" என்று டயாலிசிஸ் சென்டரில் சந்திரா சிஸ்டர் சொல்லியிருந்தாள்.

ஷஹீன் பானுவும் தொட்டுப் பார்த்தாள். அவள் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த வருஷத்திலிருந்து வீட்டில் ஷூ அப்பர் தைத்தவள். வெட்டிய தோல் துண்டுகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். முட்டிக்கு நடுவே தோலை இடுக்கிக்கொண்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். நூல் இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. மிச்சமிருந்த உணர்ச்சியை வியாதி எடுத்துக்கொண்டது. இப்போது கொதிக்கிற டம்ளரைத் தொட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுடும்.

அதனால் அவளுக்கு அவருடைய கட்டைவிரல் வேண்டியிருந்தது. அது சாதாரண விரல் இல்லை. டேனரியில் மஹபூப் பாஷாவுக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. பெயின்ட் அடித்து, இஸ்திரி போட்டு, பளபளவென்று வந்து விழுகிற தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பார். கழுத்திலிருந்து வால் வரைக்கும் கட்டைவிரல் ஒருமுறை போய் வரும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்து ஆறின கோடு, பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிற எதுவானாலும் அந்த விரலுக்குத் தெரியும். பிறகு தோலைப் புரட்டி, உள்பக்கத்தில் மார்க்கரால் தரத்தை எழுதி, கீழே தன் அடையாளமாக உருது மீம் எழுத்தைப் போடுவார். சின்ன வட்டம், கீழே ஒரு வால். கழிக்க வேண்டிய தோல் என்றால் வாலின் குறுக்கே ஒரு கோடு. மீம் விழுந்த தோலை அங்கே யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

அந்த விரலால்தான் அவர் காரும் வாங்கினார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் ஒரு புரோக்கர் யார்டில். ஜப்பானிலேயே செய்து கப்பலில் வந்த வண்டி, பழசுதான். புரோக்கர் பானட்டைத் திறந்து இஞ்சினைக் காட்டினான். மஹபூப் பாஷா அதைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறக்கச் சொன்னார். குனிந்து சீட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். கூடப் போயிருந்த ஷஹீன் பானுவிடம் திரும்பி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஃபஸ்ட் செலக்‌ஷன். உண்ணின்னா இன்னான்னே தெரியாத மாட்டுத் தோலு. சீட்டுக்கே இப்டித் தோலு போட்டவன் இஞ்சின்ல ஏமாத்துவானா?"

வீட்டில் அந்த வண்டிக்கு ஜப்பான் என்றே பெயர் விழுந்துவிட்டது.

இன்னொரு வண்டி அவள் தம்பி கவுஸ் பாஷாவுடையது. நம்மூரில் செய்தது, ஜப்பானைவிட வயதானது. கவுஸ் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்குகிறவன். டிக்கியில் ஒரு தேக்சா அண்டா, பின் சீட்டில் ஒரு தேக்சா, நடுவில் தயிர்ப் பச்சடி வாளி என்று ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு வரைக்கும் போய்வருவான். வண்டியே கவிழ்த்து வைத்த தேக்சா மாதிரி உருண்டையாக இருக்கும். அதற்கும் அந்தப் பெயரே ஆயிற்று. கதவைத் திறந்தால் பட்டையும் புதினாவும் மணக்கும். சீட்டு ரெக்ஸின், நாலு இடத்தில் பிளாஸ்திரி.

"ரெக்ஸின் போட்டவன எப்டிப்பா நம்புறது?" என்பார் மஹபூப் பாஷா.

"சீட்டா தூலாபாய் ரோட்ல ஓடுது?" என்பான் கவுஸ். அக்கா வீட்டுக்காரரை அவர்கள் வழக்கப்படி தூலாபாய் என்றுதான் கூப்பிடுவான். மரியாதையெல்லாம் அந்தக் கூப்பிடுதலோடு முடிந்துவிடும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு ஈதுக்கும், மகள் சானியாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதிரிலும்கூட இந்தப் பேச்சு நடந்தது. ஜப்பான் சத்தம் போடாது. தேக்சா சத்தம் போடும், ஆனால் ஒரு ஆணி கிடைத்தால்கூட ரிப்பேர் பார்த்துவிடலாம். ஜப்பான் ஏசி. தேக்சா ஜன்னல். ஷஹீன் பானு கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு இவ்வளவு காலமாக வேலூர் போய்வந்ததில் ஜப்பான் எத்தனையோ முறை வழியில் நின்றிருக்கிறது. எந்த வண்டி நல்ல வண்டி என்று அவளை ஒருத்தரும் கேட்டதில்லை.

வாடகை வண்டி வைக்கலாம் என்று ஒருமுறை சொன்னாள். "ஊட்டு வாசல்ல ஃபாரின் வண்டிய வெச்சிக்கினு வாடகை வண்டியா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார். ரயிலிலும் போய்ப் பார்த்தாள். போகும்போது சரியாக இருந்தது. திரும்பும்போது பிரஷர் இறங்கி, காட்பாடி பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. டேனரிக்கு லீவு நாள். அவளுக்கு முதல் ஷிப்ட். ஏழு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். விடியும்போதே கிளம்பினார்கள். ராத்திரி முழுக்க மூச்சு இழுத்திருந்தது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஒரு நாளைக்கு அவளுக்கு விதித்த தண்ணீர் ஒரு சின்ன பாட்டில். அதில் கால்வாசியைப் பையில் வைத்திருந்தாள். போகிற வழியில் தொண்டை நனைக்க.

மாதனூர் தாண்டியதும் ஜப்பான் ஒரு தடவை குலுங்கியது. பிறகு பெருமூச்சு விட்டதுபோல வேகம் குறைந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் தானாகப் போய் நின்றது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

மஹபூப் பாஷா சாவியைத் திருப்பினார். வண்டி கர் கர் என்றது. பிடிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. சூடாயிடுச்சி."

"இன்னும் சூரியனே வர்ல" என்றாள் ஷஹீன் பானு.

"அஞ்சு நிமிஷம் விட்டா செரியாயிடும்."

விட்டார்கள். சரியாகவில்லை. லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. பாலாற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரிந்தன.

"நான் பஸ்ல போய்டறேங்க. கைய காட்டினா நிக்காதா?"

"பைபாஸ்ல எந்த பஸ்ஸு நிக்கும்? மெக்கானிக்குக்கு போன் பண்ணிட்டேன், வந்துனுகிறான். அவன் பாத்தா ரெண்டே நிமிஷம்."

"அப்ப கவுஸுக்கு போன் பண்ணுங்க."

அவர் வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அவளே போன் செய்தாள். கவுஸ் ஒரு நிக்காஹ் வீட்டில் பிரியாணிக்கு தம் போட்டுக்கொண்டிருந்தான். "தம்ம ஒடைக்க முடியாது ஆபா. ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ, வந்துர்றேன்" என்றான். பின்னால் கரண்டிச் சத்தமும் யாரையோ திட்டுகிற சத்தமும் கேட்டன.

மாதனூர் மெக்கானிக் பச்சையப்பன் மொபெட்டில் வந்தான். ஸ்டாண்டு போடும்போதே சொல்லிவிட்டான்.

"பேட்டரி பாய்."

கோளாறு பேட்டரியில் இல்லை. கம்பியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப பிளக்கு."

பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, மாட்டினான். அதுவும் இல்லை. பானட்டுக்குள் தலையை விட்டபடி சொன்னான்:

"இதுல இன்னா பேஜாருன்னா பாய், எல்லாத்தையும் மூடி வெச்சிக்கிறான். நம்மூரு வண்டின்னா தெறந்தா இஞ்சின் தெரியும், தொட்டா கையில கரி ஒட்டும். இது பொட்டிக்குள்ள பொட்டி. கம்ப்யூட்டர் மாட்டித்தான் இன்னா வலிக்குதுன்னே கேக்கணும்."

"உனுக்குத் தெரியலன்னு சொல்லு. வண்டிய குத்தம் சொல்லாத" என்றார் மஹபூப் பாஷா.

"குத்தம் சொல்லல பாய். சூப்பரான வண்டி. கெடவே கெடாது. கெட்டுதுன்னா செரியாவாது, அவ்ளோதான்."

ஷஹீன் பானு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணி போய்விட்டது. சென்டரிலிருந்து சந்திரா சிஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டாள். "இதோ வந்துட்டோம்" என்று சொல்லச் சொல்லி மஹபூப் பாஷா சைகை காட்டினார். அவள் சொன்னாள். அப்படிச் சொன்னதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெயில் ஏறியது. தார் வாசனையும், காற்று திரும்பும்போதெல்லாம் எங்கிருந்தோ தோல் ஊறுகிற நாற்றமும் வந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலை எடுத்து உதட்டில் வைத்து, ஒரு சொட்டு விட்டுக்கொண்டு மூடினாள்.

கவுஸ் வந்து சேர்ந்தான். தேக்சா வருகிற சத்தம் அது கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டது. இறங்கியவன் லுங்கியை மடித்துக் கட்டி, பச்சையப்பனுக்குச் சலாம் போட்டு, ஜப்பானை ஒரு சுற்று சுற்றி வந்தான். கையில் பாதி தர்பூசணி.

"இன்னா தூலாபாய், ஜப்பான்காரன் தொழுவறதுக்கு நிறுத்திக்கிறானா?"

"வாய மூடு."

"இல்ல, கேக்கறேன். ஜும்மாவுக்கு இன்னும் நேரம் கீதே."

"உன் வண்டி போன மாசம் ஆலங்காயம் மேட்டுல உருண்டு கீழ வந்துச்சே, அத சொல்லு மொதல்ல."

"அது பிரேக்கு. பிரேக்கு வேற, ஓடறது வேற. ஓடறதுல என் வண்டிய ஒரு குத்தம் சொல்லு பாக்கலாம். ஆபா, இந்தா, ஒரு துண்டு தின்னு. வெயிலுக்கு ஜில்லுனு இருக்கும்."

"நான் அத தின்னக் கூடாதுடா."

"ஒரே துண்டு."

"கவுஸு! என்ன வேலூர்ல கொண்டு போய் வுடு."

"இதோ ஆபா. ரெண்டே வார்த்த பேசிட்டு வர்றேன்."

ரெண்டு வார்த்தை இருபது வார்த்தையாயிற்று. டீசலா பெட்ரோலா, மைலேஜ் எவ்வளவு, எதற்கு ஸ்பேர் கிடைக்கும், எது பத்து வருஷம் கழித்து விலை போகும். மஹபூப் பாஷா நிழலிலிருந்து வெயிலுக்கு வந்துவிட்டதுகூடத் தெரியாமல் பேசினார். கவுஸ் தேக்சாவின் மட்கார்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். "தகடு பாரு. இது வண்டி. அது பிஸ்கோத்து டப்பா."

"அந்த சீட்ட வந்து தொட்டுப் பாரு! தொட்டுப் பாத்துட்டுப் பேசு!" என்று மஹபூப் பாஷா கத்தினார்.

அப்போது பச்சையப்பன், "அக்கா, கொஞ்சம் எறங்குங்க. பெட்ரோல் பம்பு பின் சீட்டுக்கு அடியில கீது. கடைசியா அதப் பாத்துர்றேன்" என்றான்.

அவள் இறங்கிப் புளியமரத்து வேரில் உட்கார்ந்தாள். அவன் சீட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்து, அவள் பக்கத்திலேயே மரத்தில் சாய்த்து, அடிப்பக்கம் தெரிய வைத்தான். தோலை இழுத்துப் பிடித்திருந்த கிளிப்புகள் துருப்பிடித்திருந்தன. ஒரு ஓரம் விட்டுப்போய்ப் புரண்டு தொங்கியது. உள்பக்கம். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று.

அதில் ஒரு எண் இருந்தது. அதற்குக் கீழே, மங்கின நீலத்தில், ஒரு சின்ன வட்டம். கீழே வால். வாலின் குறுக்கே ஒரு கோடு.

ஷஹீன் பானு முதலில் அது என்னவென்று யோசிக்கவே இல்லை. அவ்வளவு பழக்கமான எழுத்து. வீட்டுக்குக் கொண்டுவருகிற கழிவுத் துண்டுகளில் எல்லாம் அது இருக்கும். அதைப் பார்த்துத்தான் சானியா முதல் முதலாக மீம் எழுதக் கற்றுக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, எதில் இருக்கிறது என்று.

தலையைத் தூக்கினாள். மஹபூப் பாஷாவும் பார்த்துவிட்டிருந்தார்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு வந்து குந்தினார். எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். அழிகிறதா என்று பார்ப்பதுபோலத் தேய்த்தார். சீட்டை அந்தப் பக்கம் திருப்பி, இத்தனை நாள் அவர் எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்ன முகப்பின்மேல் விரலை ஓட்டினார். மெதுவாக ஒருமுறை. திரும்பவும் ஒருமுறை. இப்போது தெரிந்திருக்க வேண்டும். கனமான பெயின்டுக்கு அடியில் பொடிப்பொடியாக உண்ணிக் கடி.

கழித்த தோலை லாட்டாக எடுக்கிறவர்கள் சென்னை சீட்டுக் கடைக்காரர்களுக்கு விற்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஜப்பான் தோல் என்றைக்கோ கிழிந்துபோய், எவனோ நம்மூர்த் தோலை வாங்கித் தைத்திருக்கிறான். டேனரி ஜன்னலில் அவர் கழித்ததை, புரோக்கர் யார்டில் ஃபஸ்ட் செலக்‌ஷன் என்று கொண்டாடியிருக்கிறார்.

தொங்கிய ஓரத்தை உள்ளே மடித்துச் செருகினார். "மண்ணு படும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"பம்பு போயிடுச்சி பாய்" என்று உள்ளேயிருந்து பச்சையப்பன் சொன்னான். "இது சென்னையில கெடைக்குமான்னே தெரியல. வண்டிய கட்டி இழுத்துனு போய் நம்ம கடையில போட்றேன்."

"போடு."

கவுஸ் இதற்காகத்தான் நான்கு வருஷமாகக் காத்திருந்தான். "பாத்தியா தூலாபாய்! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? நம்ம வண்டி நம்ம வண்டிதான்!" என்றான். மஹபூப் பாஷா தலையை ஆட்டினார். கவுஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் இரண்டு தடவை சீண்டிப் பார்த்தான். எதிரில் ஆள் இல்லாததுபோல இருந்தது. தர்பூசணியைப் பச்சையப்பனிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

வேலூர் போய்ச் சேர்ந்தபோது அவள் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"இன்னாம்மா நீங்க, வர்றேன் வர்றேன்னீங்க" என்றாள் சந்திரா சிஸ்டர். "மத்தியானமும் ஃபுல்லு, சாயந்தரமும் ஃபுல்லு. டாக்டர கேட்டு நாளைக்கு மொத ஷிப்ட் போட்டுக்கறேன். தண்ணி குடிக்காதீங்க. பழம் எதுவும் தொடாதீங்க. மூச்சு ஜாஸ்தியா வாங்குச்சின்னா நேரா எமர்ஜென்சிக்குப் போய்டுங்க. கை நல்லா ஓடுதில்ல?"

"காலைல ஓடுச்சி" என்றாள் ஷஹீன் பானு.

"நாளைக்கும் லேட்டுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. சொல்லிட்டேன்."

திரும்பும்போது தேக்சாவின் பின் சீட்டில் அவள் தூங்கிப்போனாள். ஆம்பூரில் கவுஸ் எழுப்பியபோதுதான் பார்த்தாள். ரிப்போர்ட், போர்வை, டிபன் டப்பா எல்லாம் இருந்த பை, இடது கைமேல் இருந்தது. கை மரத்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், எந்த வண்டியின் சீட்டில் கை வைக்க இடம் இருக்கிறது என்று.

மத்தியானம் தொட்டுப் பார்த்தாள். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. சென்டரில் சொன்னபடி உருளைக்கிழங்கை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டாள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு படுத்தாள். மஹபூப் பாஷா வாசலில், ஜப்பான் நிற்கிற வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கலாம். எழுந்து வந்து விரலை வைங்க என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. காலையில் எப்படியும் வருவார் என்று விட்டுவிட்டாள்.

காலையில் அவர் வரவில்லை.

தொழுதுவிட்டு வந்தார். தொப்பியை மாட்டினார். அவள் போர்வையை விலக்கிக் கையைத் தயாராக வெளியே வைத்திருந்தாள். அவர் கட்டிலைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

டீ குடித்துவிட்டார்.

ஷஹீன் பானு சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். ஒரு சீட்டுத் தோலுக்கு இவ்வளவா? அந்த விரல் காரில் தவறியது, சரி. அதற்காக என் கை என்ன பாவம் செய்தது? எழுந்து புர்காவை மாட்டினாள். மூச்சு நாலு அடிக்கு ஒருமுறை நின்று வந்தது.

வாசலில் தேக்சா நின்றது. கவுஸ் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். டக் என்றது. மறுபடி டக்.

"செல்ஃபு கொஞ்சம் மக்கர் பண்ணுது ஆபா. நேத்து ரொம்ப தூரம் ஓடிச்சில்ல. தள்ளுனா பிடிச்சிக்கும்."

"நேத்து ஓடறதுல குத்தம் சொல்லுன்னியே."

"இது ஓடறது இல்ல. இது கெளம்பறது."

அவள் பின் சீட்டில் ஏறினாள். மஹபூப் பாஷா இரண்டு கையையும் டிக்கியில் வைத்துத் தள்ளினார். பால்காரர் ஒருத்தர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கைகொடுத்தார். தெரு முனையில் தேக்சா ஒரு உதை உதைத்து, இருமி, கரும்புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாம் கடகடவென்று ஆடின. மஹபூப் பாஷா மூச்சு வாங்க ஓடிவந்து முன் கதவைத் திறந்தார்.

ஷஹீன் பானு வலது கையால் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். நடுங்கியது. முழங்கையும் நடுங்கியது. பல்லும் நடுங்கியது. எது கை, எது வண்டி என்று தெரியவில்லை.

"கவுஸு, வண்டிய ஆஃப் பண்ணு."

"இன்னாது?"

"ஆஃப் பண்ணு! கை ஓடுதான்னு பாக்கணும்."

"ஆஃப் பண்ணா திரும்ப கெளம்பாது ஆபா! அங்க போய்ப் பாத்துக்கலாம். டைம் ஆவுது!"

"அங்க போய் நின்னுபோச்சின்னு தெரிஞ்சா? இங்கியே யாருக்கும் தெரியாம நின்னுபோயிருந்தா நேரா எமர்ஜென்சிக்கில்ல போவணும்?" வலது கையால் முன் சீட்டைத் தட்டினாள். "ஜப்பானும் வேணாம், தேக்சாவும் வேணாம். ரெண்டு பேரும் ரெண்டு வண்டியையும் ராத்திரி பகலா தடவித் தடவிப் பாத்தீங்க. என் கைய பாக்க ஆளில்ல. ஒரு மீமுக்கு வெக்கப்பட்டுக்கினு காலைல என்ன தாண்டிப் போய்ட்டாரு உன் தூலாபாய்!"

"இன்னா மீமு?" கவுஸ் கண்ணாடியில் பார்த்தான். "வாட்சாப்ல எவன்னா போட்டானா?"

மஹபூப் பாஷா முன் கதவை மூடினார். சுற்றி வந்து பின் சீட்டில் அவள் பக்கத்தில், ரெக்ஸின்மேல் உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. நேற்றுகூட முன்னால்தான், டாஷ்போர்டைத் தொடாமல். கட்டைவிரலை நரம்பின்மேல் வைத்தார். முகம் சுருங்கியது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"தெரியல" என்றார். "எல்லாமே ஆடுது. எனக்குத் தெரியல, ஷஹீன்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"நேத்து பை அது மேல இருந்திச்சி" என்றாள் மெல்ல. "தூங்கிட்டேன்."

அவர் குனிந்தார். கழுத்தை வளைத்து, காதை அவள் கைமேல் வைத்தார். இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். தாடி அவள் தோலில் குத்தியது.

"ஆக்ஸிலேட்டர கம்மி பண்ணு."

"கம்மி பண்ணா நின்னுடும் தூலாபாய்!"

"நிக்கட்டும். ஆஃப் பண்ணு."

கவுஸ் அக்காவைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். தேக்சா கடைசியாக ஒருமுறை உலுக்கிவிட்டு அடங்கியது. தெரு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குழாயில் தண்ணீர் விழுந்தது. பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

அவர் காதை எடுக்கவில்லை. கொஞ்சம் மேலே நகர்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஷஹீன் பானு அவருடைய நரைத்த பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுது" என்றார்.

உடனே நிமிரவில்லை. இன்னொரு தடவை கேட்டார். பிறகு கட்டைவிரலை வைத்து, விரலுக்கும் அது தெரிகிறதா என்று பார்த்தார்.

"கொஞ்சம் கம்மியா கீது. ஆனா ஓடுது. போனதும் சிஸ்டர்ட்ட சொல்லணும்."

கவுஸ் சாவியைத் திருப்பினான். டக்.

மஹபூப் பாஷா கதவைத் திறந்து இறங்கினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனார். பால்காரர் மறுபடி சைக்கிளைச் சாய்த்தார்.

"ரெடியா?" என்று கேட்டார் மஹபூப் பாஷா, டிக்கிக்குப் பின்னாலிருந்து.

"தள்ளு தூலாபாய்!"

ஷஹீன் பானு பையை எடுத்து வலது பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.